நாலாம் வளைவில் நின்றவன்

கார்ப் பந்தயத்தில் கொடி பிடிக்கிறவனுக்குப் பாதையில் ஒரு வளைவு மட்டும்தான் பங்கு. தனியாக ஓரிடத்தில் நின்று சம்பளம் வாங்கியவர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

ஐம்பதுகளில், நுவரெலியாவுக்கு மேலே எங்கள் தோட்டத்து ரோட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை பந்தயம். அடிவாரத்தில் கிளம்பித் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஒவ்வொரு காராக உச்சிக்கு ஏறும். குறைந்த நேரத்தில் ஏறியவருக்குக் கோப்பை. நான் நாலாம் வளைவு. மற்ற நாளில் அதே ரோட்டில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவேன், ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பேன். கல்யாணம் ஆகவில்லை, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறை, தனிக் காம்பரா.

முதல் பந்தயம்

கீழே இரைச்சல் கேட்கும். கார் வரும், திரும்பும், போய்விடும். மூன்று வினாடி. பிறகு பனியும் நானும். காலையிலிருந்து அப்படியே நின்றுவிட்டு லயத்துக்கு வந்தால், எல்லோரும் யார் ஜெயித்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் காம்பரா பழனியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப அங்க நின்னு என்னத்தத்தான் பாத்தீங்கண்ணே?"

சிவப்புக் கொடி

ஒரு தடவை பனி இறங்கிய நேரம், விறகுக் கட்டோடு எங்கள் லயத்துச் செல்லம்மா மேட்டிலிருந்து ரோட்டில் இறங்கிவிட்டது. கீழே கார் ஏறி வரும் சத்தம். ஓடிப்போய்ச் சிவப்புக் கொடியைக் காட்டினேன். கார் வழுக்கிக்கொண்டே வந்து செல்லம்மாவுக்கு நாலடி தள்ளி நின்றது.

பக்கத்துத் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னத்துரை, இறங்கினார். அன்றைக்கு நேரக் கணக்கில் அவர்தான் முன்னால் இருந்தாராம். வேலை போச்சு என்று நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. சிகரெட் பற்றவைக்க மூன்று குச்சி பிடித்தது. செல்லம்மா குனிந்து விறகைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"அவளுக்குப் புள்ள எத்தன?"

போன்காரர்

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே வளைவுக்கு வளைவு போன் கம்பி இழுப்பார்கள். அடிவாரத்தில் குணபால என்ற சிங்களக் கிளாக்கர். கம்பி சரியா என்று கேட்கக் கூப்பிடுவார். பிறகு மழை, அவர் அம்மாவின் முழங்கால் வலி என்று பேச்சு வளரும். அந்த ஒரு வாரத்துக்காக ஆறு மாசம் காத்திருப்பேன்.

ஒரு நாள் நுவரெலியா மார்க்கட்டில் லீக்ஸ் விலை கேட்கும் குரல் காதில் விழுந்தது. அவரேதான். கிட்டப் போய், "நான்தாங்க நாலாம் வளைவு" என்றேன். சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் லீக்ஸ் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ்ஸுக்கு நகரும்போது சொன்னார்.

"போன்ல நீங்க நல்ல உயரமான ஆளு மாதிரி."

புது வரைபடம்

நான் கொடி பிடித்த ஏழாம் வருஷம் பந்தயக் கமிட்டித் துரை ஒருவர் வரைபடத்தைக் கார் மூடியின் மேல் விரித்தார். கார்களின் வேகம் கூடிவிட்டது, பழைய வளைவு ஆபத்து என்று பாதையைத் தேயிலை ஃபேக்டரிப் பக்கமாகத் திருப்பியிருந்தார்கள். நான் விரலை வைத்துத் தேடினேன். என் வளைவு கோட்டுக்கு வெளியே கிடந்தது. நான் எங்கே நிற்பது என்று கேட்டேன். நல்ல மனுஷர், தன்மையாகத்தான் சொன்னார்.

"நாலாம் நம்பர் இப்ப ஃபேக்டரிக்கிட்ட போயிருச்சு, அங்க ஆள் இருக்கு."

அடுத்த பந்தயத்தன்றும் பழக்கதோஷத்தில் பழைய வளைவுக்குப் போய், காரே வராத ரோட்டுக்குச் சாயந்தரம்வரை காவல் நின்ற ஒரே கொடிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.