கடை வரைக்கும்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் என் வீட்டுப் படியிறங்கி நான்கு அடி வைப்பதற்குள் யாராவது ஒருவர், "எங்க சார் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிடுவார். முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பாரிஸின் புறநகரில் வாழ்ந்து, ஓய்வுக்குப் பின் குளிர்காலத்தில் மட்டும் ஊருக்குப் போய்த் தங்கும் எனக்கு அக்கேள்வி அத்துமீறலாகவே பட்டது. இங்கே, பாரிஸில், எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் எதிர்வீட்டு அம்மையார் "போன்ஜூர்" என்பார். நானும் "போன்ஜூர்" என்பேன். பிறகு இருவரும் மாடி எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கேளாதிருப்பதே இங்கு மரியாதை. அதை நான் பிசகின்றிக் கற்றிருந்தேன்; அதில் எனக்குப் பெருமையும் உண்டு. என் மனைவி இறந்தபோது அந்த அம்மையார் தபால் பெட்டியில் ஓர் இரங்கல் அட்டை போட்டிருந்தார். மறுநாள் லிஃப்டில் வழக்கம்போல் "போன்ஜூர்".

அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாகத் தனியே ஊருக்குப் போனேன். தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் செல்வி, என் சட்டைகளை எண்ணி வாங்கியபடியே கேட்டாள்: "அம்மா எங்க சார்? இந்தவாட்டி வரலியா? பொடவ ஒண்ணுகூட காணோமே."

"அதெல்லாம் உனக்கெதுக்கும்மா? சட்டைய மட்டும் பாரு" என்றேன்.

குரலின் கடுமை எனக்கே கேட்டது. ஆனால் நடுத்தெருவில் கண் கலங்கி நிற்பதைவிட அது மேலென்று நினைத்தேன். செய்தி எப்படியோ தெருவுக்கு எட்டியது. அன்று முதல் ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. "வணக்கம் சார்" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். பாரிஸில் நான் பெற்ற மரியாதை முழுவதும் சாரத்திலும் கிடைத்துவிட்டது.

"எங்க கெளம்பிட்டீங்க" என்ற கேள்விக்கு யாரும் உண்மையான விடையை எதிர்பார்ப்பதில்லை. "இதோ, கடை வரைக்கும்" என்றால் போதும். சிறுவயதிலிருந்து நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான். வேண்டாத பொருள்களை வாங்க நாளுக்கு இருமுறை அந்த வண்டியைக் கடந்து நடந்தேன். செல்வி தலை நிமிரவில்லை. பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், அலமாரியிலிருந்து மனைவியின் புடவை ஒன்றை எடுத்துச் சென்று வண்டிமேல் வைத்தேன்.

"அம்மாவோடது. அவங்க போயிட்டாங்க, செல்வி. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"தெரியும் சார். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தோம்." புடவையை இரு கைகளாலும் எடுத்தாள். அதன்பின் என்னைக் கேட்காமல் விடவில்லை. "யாரு சமைக்கிறா? ரசமாச்சும் வெக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அத்தினி வருசம் பிரான்சுல இருந்து என்னத்த சார் கத்துக்கினீங்க!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

புறப்பட்ட காலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க சார் கெளம்பிட்டீங்க?"

"இதோ, கடை வரைக்கும்."

"பெட்டியோடவா? சரி சரி, பாத்துப் போயிட்டு சீக்கிரம் வாங்க."

பாரிஸ் வந்து நான்கு மாதமாகிறது. கடையிலிருந்து இன்னும் வீடு திரும்பவில்லை.