மூன்றாம் வீட்டு ஷீர்ச்சாய்

கதம்ஷா பாட ஆரம்பித்தால் அவனுக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். இது அவன் மனைவி ஸவ்ஸனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களெல்லாம் அவனை பார்தாங் பள்ளத்தாக்கிலேயே உல்லாசமான ஓட்டுநர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாதை குறுகினால் ஒரு பாட்டு, சக்கரம் விளிம்பில் சறுக்கினால் இன்னொரு பாட்டு. அந்தப் பழைய ரஷ்ய ஜீப்பை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறான். ஒரு நாள்கூடப் பயப்படாமல் ஓட்டியதில்லை. ஆனால் பயந்தாங்கொள்ளியின் வண்டியில் யார் ஏறுவார்கள்? பிழைப்பு நடக்க வேண்டுமே, பாடினான். வழியில் சிக்னல் கிடைத்தால் ஸவ்ஸன் போனில் முதலில் கேட்பது, "இன்னிக்கு எத்தனை பாட்டு?" என்பதுதான். நான்கு என்றால் சிரிப்பாள். பத்து என்றால், "போதும்யா, ஒரு கழுதை வாங்கித் தரேன், அதை ஓட்டு" என்பாள்.

அந்த ஜூலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓஷ் நகரத்திலிருந்து இரண்டு கிர்கிஸ் சகோதரிகள் வந்திருந்தார்கள். மூத்தவள் புருல்சா, ஓய்வுபெற்ற ஆசிரியை. இளையவள் அசில்கானுக்கு வாய் ஓயாது. தங்கள் பாட்டன் பூட்டன் சரக்கு ஏற்றிப்போன பழைய வணிக வழியை மலை மலையாக, நாடு நாடாகப் பார்த்துவிட வேண்டுமாம். மூன்று நாளாக வண்டியில் கதம்ஷாவின் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே பாதி மனப்பாடம் ஆகியிருந்தது.

கோடையில் வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். மத்தியானத்துக்குள் ஆறு பாதைமேல் ஏறிவிடும். பதினொரு மணிக்குள் பாதையின் பள்ளங்களைத் தாண்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். கதம்ஷாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எட்டு மணிக்கே ஸாவ்னோப் ஊருக்குள் வண்டியை விட்டான். அங்கே ஒரு வீட்டுக்காரர் ரொட்டியை ஏந்திக்கொண்டு வழியில் நின்றார். நீட்டிய ரொட்டியை எப்படித் தாண்டிப் போவது? இறங்கினார்கள். உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீரான ஷீர்ச்சாயில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் குடித்துவிட்டு வெளியே வந்தால் எதிர்வீட்டுக்காரி.

"ஏன், அவங்க வீட்டு ரொட்டிதான் இனிக்குமோ?"

அங்கேயும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வீட்டுக் கிழவர் கோபத்தோடு காத்திருந்தார். "என் வாசலைத் தாண்டிப் போறியா கதம்ஷா? போ, நல்லா இரு!"

"ஆறு ஏறிடும் மாமா."

"ஆறு எங்கே ஓடியா போகுது? குடி."

விருந்தாளிகளாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர்களும் ரொட்டியைத் தட்டத் தெரியாத ஜாதி. எங்கள் மலைக்காரர்களுக்கு உயிரைவிட உபசாரம் பெரிது. எனக்கு இதை நினைத்தாலே எரிச்சல் வரும். மூன்று கிண்ணம் முடிந்து கிளம்பும்போது மணி பன்னிரண்டு.

ஒரு மணி நேரம் கழித்து, செங்குத்துப் பாறையை ஒட்டி இறங்கிய பாதை சாம்பல் நிறத் தண்ணீருக்குள் போய் மறைந்தது. நாற்பது அடி தள்ளி மறுபடி ஏறியது. கதம்ஷா திரும்பிப் பார்த்தான். சற்றுமுன் கடந்து வந்த பள்ளமும் மூழ்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு மேடு, அதில் ஜீப், மூன்று உயிர். அவன் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரின் ஓரத்தில் வைத்தான். ஐந்து நிமிஷத்தில் கல்லைக் காணவில்லை.

"விடிஞ்சதும் வடியாதா தம்பி?" என்றாள் புருல்சா.

"வடியும் அக்கா. அதுவரைக்கும் இந்த மேடு இருக்காது."

விசிறி சுற்றி எஞ்சின் மேல் தண்ணீரை வாரி அடிக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றினான். ஸ்பேனர் இரண்டு முறை கீழே விழுந்தது. ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை.

"பாட்டைக் காணோமே? பாடு தம்பி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அசில்கான்.

"அக்கா, நான் பயந்தாத்தான் பாடுவேன். இப்போ அதையும் தாண்டிப் போயிருச்சு."

அசில்கான் முன்னால் சாய்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ மூணு நாளா பாடிக்கிட்டே வந்தியே?"

"ஆமாக்கா."

"அடப்பாவி!" என்றாள் அசில்கான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

புருல்சா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய முதல் பாட்டை, சர்க்கரைப் பாதாமி மரத்தடிப் பெண்ணைப் பற்றியதை, கிர்கிஸ் வாடையோடு, வார்த்தைகளைக் கொன்றுகொண்டே ஆரம்பித்தாள். "நாங்க பாடறோம். நீ ஓட்டு."

முதல் கியரில் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினான். கதவிடுக்கு வழியே தண்ணீர் புகுந்தது. காலடியில் பைகள் மிதந்தன. பாதி வழியில் வண்டி ஆற்றுப் பக்கம் இழுபட்டது. பின்னாலிருந்த பாட்டு அலறலாக மாறியது, ஆனால் நிற்கவில்லை. கதம்ஷா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொல்ல எனக்குக் கதை இருந்திருக்காது. முன் சக்கரம் கல்லைப் பிடித்தது. ஏறிவிட்டார்கள்.

அடுத்த ஊரின் மேட்டில் போனுக்கு சிக்னல் வந்தது.

"இன்னிக்கு எத்தனை பாட்டு?" என்றாள் ஸவ்ஸன்.

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா? ஆறு அவ்வளவு சாதுவாவா இருந்துச்சு?"

"நான் பாடல ஸவ்ஸன். என்னால முடியல. அவங்க பாடினாங்க."



"அங்கேயே இரு. வண்டியை எடுக்காதே. நடந்தாவது நான் வந்துடறேன்" என்றாள். அன்று அவள் கழுதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.