பின்னால் போக மறுத்த டிரெய்லர்

வெர்லின் டோஸ்ட்ரூட் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தார். மினசோட்டாவில் அவருடைய மாவட்டத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பேருந்தும் நகராது. அவருடைய சொந்தப் படகு டிரெய்லரின் பிரேக் மட்டும் சாகும்வரை சரியாக இல்லை.

அது தானாகப் பிடிக்கும் பிரேக். இழுக்கிற வண்டி வேகம் குறைந்தால் டிரெய்லர் வந்து முட்டும். அந்த அழுத்தத்தில் பிரேக் விழும். ரிவர்ஸ் எடுத்தாலும் அதே முட்டல்தான், அதே பிரேக்தான். அப்போது பிரேக் விழாமல் தடுப்பதற்கென்று ஒரு வால்வு உண்டு. ரிவர்ஸ் விளக்கிலிருந்து அதற்கு ஒரு வயர் இழுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. வெர்லின் செய்யவில்லை. மனைவி ஆர்டிஸ் ரொட்டி திருப்ப வைத்திருக்கும் மரக்குச்சியை அவர் ஒடித்து, முட்டுகிற இடுக்கில் செருகிவிட்டுப் பின்னால் எடுப்பார். வருடத்துக்கு ஒரு குச்சி.

வெர்லின் மார்ச்சில் இறந்தார்.

மே மாதம் மீன்பிடிப்புத் தொடங்கும் சனிக்கிழமையை அவர் ஐம்பது வருடம் தவறவிட்டதில்லை. அன்றே சாம்பலை நடு ஏரியில் கரைப்பது என்றார் ஆர்டிஸ். எட்டு மணிக்குள், அதற்குப் பிறகு காற்று எழும்பிவிடும்.

மகள் லினெட் காற்றாலைகளில் மின்வேலை பார்ப்பவள். முதல் வேலையாகக் குச்சியைத் தூக்கி எறிந்தாள். வயரை இழுத்தாள். மீட்டர் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட், சரியாக வந்தது.

சனிக்கிழமை காலையில் படகுத்துறைக்கு இறங்கும் மேட்டுச் சாலையில் முப்பது வண்டிகள். அவள் முறை வந்தது. சரிவில் இறங்கி, டிரெய்லர் நீர்ப்பக்கம் திரும்பும்படி வளைத்து, பிரேக்கை மிதித்து நின்று, ரிவர்ஸ் போட்டாள். டிரெய்லர் சக்கரங்கள் சுழலாமல் சரளையில் உழுதன.

அடுத்த வண்டியிலிருந்து ஓர்வில் தலையை நீட்டினார். அப்பாவோடு நாற்பது வருடம் மீன்பிடித்தவர்.

"என்ன லினெட், குச்சியையும் சேர்த்தே எரிச்சுட்டீங்களா?"

"வயர் போட்டிருக்கேன், ஓர்வில். சரியாத்தான் இருக்கு."

"பாத்தாலே தெரியுது."

அவள் குனிந்து கேட்டாள். வால்வு 'டிக்' என்றது. அப்போதுதான் புரிந்தது. நிற்கும்போதே டிரெய்லர் முட்டி பிரேக் விழுந்துவிட்டது. பிறகு ரிவர்ஸ் போட, வால்வு மூடி, அந்த அழுத்தத்தை உள்ளேயே பூட்டிவிட்டது. கோளாறு எதுவும் இல்லை. ஓரடி முன்னால் போனால் பிரேக் விட்டுவிடும்.

ஆனால் அந்தத் துறையில் ரிவர்ஸ் போட்டவர் முன்னால் நகர்ந்தால், முறையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

"ஓரடிதான் போறேன். எடம் என்னோடது!"

"முன்னால போறவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க, கண்ணு."

நகர்ந்தாள். பிரேக் விட்டது. அதற்குள் ஓர்வில் உள்ளே நுழைந்து படகை இறக்கிவிட்டார். மணி ஏழே முக்கால். துறைப் பலகையில் நின்றிருந்த ஆர்டிஸ் சாம்பல் பெட்டியோடு ஓர்வில் படகில் ஏறினார்.

"அம்மா, அஞ்சு நிமிஷம்மா!"

"காத்து நிக்காது, லின்னி. நீ வரிசையில நில்லு."

வரிசையின் கடைசிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் இன்னும் ஏழு வண்டிகள் இருக்கும்போது ஆர்டிஸ் காலிப் பெட்டியோடும் இரண்டு மீனோடும் கரை ஏறி வந்தார்.

"நல்ல ஆழம். ஓர்வில் அழுதுட்டாரு." மீனைத் தூக்கிக் காட்டினார். "தூண்டில்ல கடியும் நல்லா இருந்துச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க போங்கம்மா."

முறை வந்ததும், அதேபோல் வளைத்து நின்று, ஓரடி முன்னால் போய், பிறகு ரிவர்ஸ் போட்டாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் யாரும் இல்லை. டிரெய்லர் சத்தமில்லாமல் நீருக்குள் இறங்கியது. கரைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் படகைக் கிளப்பி நடு ஏரி வரைக்கும் போனாள்.