வெளியில் போட்ட நாதாங்கி

அந்தக் கோடையில் என் காதுகளில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குச்சி இருந்தது. காது புண்ணாகிவிட்டது, அதனால் கழற்றி வைத்திருக்கிறோம் என்று அம்மா தெருவில் சொல்லிவைத்திருந்தாள். நானும் பள்ளிக்கூடத்தில் அதையே சொன்னேன். புண்ணே இல்லாத காதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தூங்கும்போது தோட்டைக் கழற்றிக்கொண்டு போனது அப்பாதான் என்பதும், சவுக்குத்தோப்புச் சீட்டாட்டத்தில் அது போய்விட்டது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மதியம் கூலி கைக்கு வந்தால் கால் தானாகத் தோப்புக்குத் திரும்பிவிடும். தோடு போன பிறகு அவராகவே போய் மாமாவிடம், அம்மாவின் அண்ணனிடம், நின்றார். மாமாவும் ஒரு காலத்தில் அதே தோப்பில் வண்டியையும் மாட்டையும் தோற்றவர்தான். இப்போது லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. "கை அரிச்சா சொல்லி அனுப்பு மாப்ள. எந்த வேலையில இருந்தாலும் வர்றேன்" என்றார், அவ்வளவுதான்.

அன்று சனிக்கிழமை. அம்மா உப்பு சுமக்கப் போயிருந்தாள். அப்பா கூலி வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது. சற்று நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவருடைய கூட்டாளி.

"ஏம்பா, இன்னா வூட்லயே குந்திக்கினு இருக்கிற? ஆட்டம் ஆரம்பிச்சிட்டாங்க."

"நீ போ. நான் வரல."

"சரி, எடம் போட்டு வைக்கிறேன்" என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

அப்பா சட்டையை மாட்டினார். கழற்றினார். மறுபடியும் மாட்டினார். பிறகு என் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே நிறுத்தினார். "பாப்பா, நாதாங்கியப் போட்டுட்டு ஓடிப்போய் மாமாவக் கூட்டிக்கினு வா. நான் தொறக்கச் சொன்னாலும் தொறக்காத. அடிப்பேன்னு சொன்னாலும் தொறக்காத."

தோப்பில் அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு உள்ளே வெளியே என்று பெயர். அதைத்தான் எனக்கும் சொல்லித் தருகிறார் என்று நினைத்துச் சந்தோஷமாக நாதாங்கியைப் போட்டேன். இரண்டடி வைப்பதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

"பாப்பா, தண்ணி தவிக்குது. தொற." நான் நின்றேன். "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன். தொற." அப்புறம், "தொறடி!" என்ற கத்தலில் கதவு அதிர்ந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்து வந்த குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "உன் தோட்ட மீட்டுக்கினு வந்துடறேன் பாப்பா. ஒரே ஒரு ஆட்டம்."

என் கை நாதாங்கிக்குப் போய்விட்டது. திறக்காதே என்றவரும் அப்பா, திற என்பவரும் அப்பா. யார் பேச்சைக் கேட்பது? பயத்தில் கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. வரப்பில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன், முழங்கால் சிராய்ப்பில் உப்பு எரிந்தது. மாமா முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தார். "அப்பா கதவத் தட்றாரு" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. அவர் மூட்டையை அங்கேயே இறக்கினார். "பாதி லோடுல எங்கடா போற? அரைநாள் கூலி கெடையாது" என்று மேஸ்திரி கத்தினார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. நாதாங்கி போட்டபடியே இருந்தது. மாமா அதைத் தொடவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து மண்ணில் உட்கார்ந்தார்.

"மாப்ள, வந்துட்டேன்."

உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது: "கை நடுங்குது மச்சான்."

"நடுங்கட்டும். சனிக்கிழமைன்னா எனக்கு இன்னிக்கும் நடுங்குது."

"உனக்குமா?"

"பின்ன? மூட்டையத் தூக்கிக்கினா வெளிய தெரியறதில்ல."

உள்ளே அப்பா அழும் சத்தம் கேட்டது. அதுவரை அவர் அழுது நான் கேட்டதில்லை. மாமா கண்ணைக் காட்டினார், திறந்தேன். அப்பாவின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அம்மா வரும்வரை இருவரும் மழையைப் பற்றியும் லாரிக்காரனைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் அப்பா தோப்புக்குப் போனதுண்டு. போன மறுநாள் மாமா திட்டாமல் வந்து உட்காருவார். அடுத்த சனிக்கிழமை அப்பாவே மாமாவைத் தேடிப் போவார். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அது நின்றுபோனது.

அப்பாவையே பூட்டிவைத்தவள் என்று நான் பள்ளிக்கூடத்தில் வெகுநாள் பீற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் சுவர் கிடையாது. அடுப்படியை அடைத்திருந்தது ஒரு கீற்றுத் தட்டி. ஆடுகள்கூட முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். சவுக்குத்தோப்பும் அந்தப் பக்கம்தான். அப்பா ஒரு கையால் தள்ளியிருந்தால் போதும். நான் மாமாவை அழைத்து வரும்வரை, கதவைத் தட்டிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் போகாமலே உட்கார்ந்திருந்தார் என்பது எட்டு வயதில் எனக்குப் புரியவில்லை.