மூளை ஸ்கேனுக்கு முன்னால் கழற்றியவை

ஸ்கேன் சென்டரில் என் வேலை, காந்த மெஷினுக்குள் போகிறவர்களிடம் தாலி முதல் கொண்டை ஊசி வரை கழற்றி வாங்கி வைப்பது. வீட்டில் மறதிக்காரர்களை வைத்திருக்கிறவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

அம்புட்டுத்தான்

மணமேல்குடிக்காரர் ஒருவர் அப்பாவைக் கூட்டி வந்தார். பெரியவர் இடுப்பில் இருந்த தாயத்தை அவிழ்த்துக்கொண்டே, "மறதி எப்ப இருந்து தம்பி?" என்றேன். முற்ற விட்டுத்தான் கூட்டி வருகிறார்கள். கேட்டால் நம்மேல் கோபம். மகன் சொன்னார்: "மறதியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சொந்த வீட்டுக்கு வழி தெரியாம ரோட்டுல நிக்கிறாரு, அம்புட்டுத்தான்."

மஞ்சக் கயிறு

ஆலங்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மாள், மகன், மருமகளோடு வந்தார். மருமகள் மடியில் அவள் துணிமணி அடைத்த ஒரு துணிப்பை. அம்மாள் தாலியைக் கழற்றவே மாட்டேன் என்றார். இதற்கென்றே மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு வைத்திருக்கிறோம். அதைக் கழுத்தில் கட்டிய பிறகுதான் தந்தார். காதில் ஒற்றைத் தோடுதான் இருந்தது. "இவகிட்டக் குடுத்துராத, இன்னொண்ண இவதான் எடுத்துட்டா" என்று மருமகளைக் காட்டினார்.

புத்தி தடுமாறுகிறது என்று ஸ்கேனுக்குக் கூட்டி வந்தவனே அந்தப் பேச்சை அப்படியே நம்புகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனோ, "எங்க ஆத்தா பொய் சொல்லாது. ஸ்கேன் முடிஞ்சதும் இவள இவ அப்பன் வீட்டுல விட்டுட்டுத்தான் போறேன்" என்றான்.

கொண்டை

அம்மாளை உள்ளே கூட்டிப்போய் ஊசி எடுக்கக் கொண்டையை அவிழ்த்தேன். சவுரி முடிக்குள் ஒரு கிழிந்த துணி முடிச்சு. பிரித்தால், அந்தத் தோடு. அவரே ஒளித்து வைத்து மறந்திருக்கிறார். எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரோடது? தொலைச்சவுக தேடுவாகள்ல, குடுத்துரு."

துணிப்பை

மருமகள் முன்னாலேயே மகனிடம் தோட்டைக் கொடுத்தேன். "அதான் கெடைச்சிருச்சுல்ல, விடுங்க" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை இல்லை. "தோடு கெடைச்சிருச்சு. திருடின்னு நீ வாங்கிக் குடுத்த பேரு எப்பத் தொலையும்?" என்றேன்.

படத்தைப் பார்த்த டாக்டர், ஞாபகத்துக்கான இடம் சுருங்க ஆரம்பித்திருக்கிறது, இன்னும் சோதனைகள் பார்க்கணும், பொருளை ஒளித்துவிட்டுத் திருட்டுப் பட்டம் கட்டுவதும் இந்த நோயில் உண்டு, இனிக் கூடவே ஆள் வேணும் என்றார். வெளியே வந்ததும் அவன் பெண்டாட்டியின் பையைப் பிடித்து இழுத்தான்: "குடு, நம்ம வீட்டுக்கே போவம். ஆத்தாவப் பாக்க ஆள் வேணும்ல."

அவள் பையை விடவில்லை. "அத்தைக்கு நோவு, அதுல திருடின்னு சொன்னாக. ஒங்களுக்கு என்ன நோவு? ஒரு படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க, அப்பறம் வாரேன்."

தாலியையே கழற்றி வாங்கிவிடுகிற எனக்கு, இந்த மாதிரி ஆம்பளைகளின் நினைப்பைக் கழற்றி வாங்கி வைக்கத்தான் இன்னும் ஒரு டப்பா கிடைக்கவில்லை.