சுத்தியல்காரனும் என் கட்டைவிரலும்

செம்பவாங் ஷிப்யார்டில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் வழுக்கி என் வலது கட்டைவிரல் நரம்பை அறுத்துப்போட்டது. தைத்தார்கள். ஆறு வாரம் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. ரப்பர் பந்தை அமுக்கு, விடு, அமுக்கு, விடு என்று தெரப்பியில் சொன்னதைச் செய்து செய்து வாழ்க்கையே சலித்துப்போயிற்று. மனைவியின் தம்பி செங்காங்கிலிருந்து தன் கேம் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் மார்சிலிங் வீட்டுக்கு வந்தான். "இத ஆடுங்க மாமா, விரலுக்கும் வேலை கிடைக்கும்" என்றான்.

அதில் ஒரு சுத்தியல்காரன். ஆளுயரச் சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்குவான், ஒரு மூச்சு நிற்பான், அப்புறம் போடுவான். அந்த ஒரு மூச்சுக்குள் வலது கட்டைவிரலால் பட்டனைத் தட்டினால் உருண்டு தப்பிக்கலாம். இல்லையென்றால் செத்தோம். தினமும் செத்தேன். சனியன்! ஆனாலும் அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிவிட்டுத்தான் அடித்தான், ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. அடி வாங்கினால் அது என் விரலின் தாமதம், அவ்வளவுதான்.

அதனால் இவனை வீழ்த்தினால் விரல் தேறிவிட்டது, வேலைக்குத் திரும்புவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். டாக்டர் எம்சியை நீட்டிக்கத் தயார்தான். சூப்பர்வைசர்தான் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று போனில் அரித்துக்கொண்டிருந்தார். என் இடம் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மதியம் சுத்தியல்காரன் விழுந்தான். வீடே அதிரக் கத்தினேன். உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை வந்துடறேண்ணே" என்றேன். பிறகு சத்தத்தைக் குறைக்கலாமென்று கேமின் செட்டிங்கைத் திறந்தால், 'ஹார்டு' இருந்த இடத்தில் 'ஈஸி'.

மனைவி அடுப்படியில் மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீயா மாத்தின?"

"ஆமா, நான்தான். தினம் தோத்துட்டு அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சோறு பிசையறீங்க. என்னால பாக்க முடியல லா."

"அடிப்பாவி! கை சரியாயிடுச்சுன்னு நம்பி வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேனே!"

"கேம்தானேன்னு நெனச்சேன்" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

ஹார்டுக்கு மாற்றினேன். மஞ்சள் கையோடு அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுத்தியல் உயர்ந்தது. "இப்போ, இப்போ!" என்று கத்தினாள். எனக்கும் தெரிந்தது. விரல்தான் வரவில்லை. பத்துத் தடவை ஆடினேன். பத்தாவது தடவை அவள் கத்தவில்லை.

சூப்பர்வைசரை மறுபடி கூப்பிட்டேன்.

"திங்கக்கிழமை முடியாதுண்ணே. கட்டைவிரல் இன்னும் லேட்டாதான் வருது. இப்படியே கிரைண்டரப் பிடிச்சா இன்னொரு விரலும் போயிடும்."



"அப்போ உன் இடத்துக்கு வேற ஆள் போட்டுடறேன் தம்பி. தப்பா நெனச்சுக்காத."

"போடுங்கண்ணே" என்றேன்.