ஏழுமலைக்கு நான் பார்த்துக் கொடுத்த வண்டி

நான் ஒருவனை ஏமாற்றினேன். ஏழுமலைக்கு ஒத்துவராத மோட்டார் சைக்கிளை, ஒத்துவராது என்று நன்றாகத் தெரிந்தே, அவன் தலையில் கட்டினேன். அதில் எனக்குக் கமிஷன் கிடையாது. ஒரு டீ கூடக் கிடையாது. எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது... அவ்வளவுதான் காரணம்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை என்பதால் சொல்ல முடிகிறது.

புதுச்சேரி டவுனில் ஒரு உதிரிபாகக் கடையில் முப்பது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். எந்த வண்டிக்கு எந்த கிளட்ச் கேபிள், எந்த பிரேக் ஷூ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நம் ஊரில் யாரும் புது வண்டியைத் தனியாகப் போய் வாங்குவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? விவரம் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போவார்கள். அவர் வண்டியைச் சுற்றி வருவார், டயரை அமுக்குவார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார், "எடுக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் பக்கத்துக்கு அந்த விவரம் தெரிந்தவர் நான்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிற பெரிய மனிதரைப் போல என்னை முன்னால் விட்டுத்தான் ஷோரூமுக்குள் நுழைவார்கள்.

நான் ஓட்டியதோ இருபது வருடத்துப் பழைய நூறு சிசி. பெரிய வண்டி மேல் ஆசை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது... ஐயோ, எவ்வளவு இருந்தது! ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் மனைவியிடம் போய், "எனக்கு முன்னூற்றைம்பது சிசி வண்டி வேண்டும்" என்று சொல்ல வாய் வரவில்லை. வசந்தா திட்டமாட்டாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே என் ஆசையை நான் அடுத்தவர்கள் வண்டியில் தீர்த்துக்கொண்டேன். டெஸ்ட் ரைடு என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் எனக்குத் தீபாவளி.

ஏழுமலை பதினைந்து வருடமாக எங்கள் கடைக்கு வருகிறவன். வீடு அரியாங்குப்பத்தில், வேலை கதிர்காமத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே உயரம். நானோ ஆறடிக்குக் கொஞ்சம் கீழே. இந்த இரண்டு உயரத்தையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் குற்றம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடந்தது.

ஒருநாள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"அண்ணே, வண்டி மாத்தலாம்னு இருக்கேன். ரேசு வுடுற வண்டில்லாம் வேணாம். தெனம் வேலைக்குப் போவணும், முதுகு வலிக்கக் கூடாது. கலாவும் பின்னாடி சவுரியமா ஒக்காரணும். லீவு நாள்ல அவள ஏத்திகினு மரக்காணம் வரைக்கும் கடலோரமா ஒரு ரவுண்டு... நீங்கதான் வந்து பாத்துக் குடுக்கணும்."

கலா அவன் மனைவி. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். அந்தப் பேட்டையில் அவள் கைக்கு அவ்வளவு கிராக்கி.

விழுப்புரம் சாலையில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். அவன் பணத்துக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டும் முன்னூற்றைம்பது. ஒன்று தாழ்வான சீட், நிமிர்ந்து உட்காரும் வாகு. ஏழுமலை அதில் ஏறியதும் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. குதிகால் வரைக்கும்! அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாருக்குதுண்ணே," என்றான்.

நியாயப்படி அந்த நிமிஷத்தில் வேலை முடிந்தது. "இதை எடு" என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும்.

ஆனால் இன்னொன்று நின்றிருந்ததே! கரும்பச்சை நிறம். உயரமான சீட். நான் அதை எடுத்துக்கொண்டு அரும்பார்த்தபுரம் பாலம் வரை போனேன்... எப்படிச் சொல்வேன் உங்களுக்கு? கை நீட்டிய இடத்தில் ஹேண்டில்பார் இருந்தது. முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டுமோ அவ்வளவுதான் மடங்கியது. வருடக்கணக்கில் கவுண்டரில் குனிந்து கூன் விழுந்த என் முதுகு தானாக நிமிர்ந்தது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போனாலும் முனகவில்லை, திருகினால் திமிறவில்லை, பாலத்தின் ஏற்றத்தைச் சமதரை போல ஏறியது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸின் நம்பரை நான் வாசித்தேன். அதிர்வு என்பதே இல்லை! மூலகுளத்தில் வரிசையாக வேகத்தடைகள் வந்தன. ஒன்றையும் என் இடுப்பு உணரவில்லை. யார் செய்த வண்டியோ, அவர் கைக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

திரும்பி வந்து இறங்கினேன். "இதான் வண்டி" என்றேன்.

ஏழுமலை ஏறிப் பார்த்தான். விரல் நுனிகள் மட்டும் தரையைத் தொட்டன. ஒரு பக்கம் சாய்ந்தால்தான் ஒரு கால் ஊன்றியது.

"காலு எட்டலண்ணே."

"பழகிடும்."

ஷோரூமில் எங்களைக் கவனித்துக்கொண்ட பெண்ணுக்கு மனது கேட்கவில்லை. "சாருக்கு அந்த லோ சீட்டு வண்டிதான் சார் இன்னும் நல்லா செட்டாவும்," என்றாள். சரியான பேச்சு. அவளுக்கு எந்த வண்டி விற்றாலும் ஒன்றுதான். ஆனாலும் உண்மையைச் சொன்னாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பது வருஷமா ஸ்பேர்ஸ் விக்கிறேம்மா," என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏழுமலையும் சிரித்துக்கொண்டே, "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்," என்றான்.

ஏன் அப்படிச் செய்தேன்? பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் கரும்பச்சை வண்டி எனக்குத் தெரிந்தவன் கையில் இருக்க வேண்டும், சர்வீசுக்கு முன்னால் என்னிடம் வர வேண்டும், "ஒரு சத்தம் கேக்குதுண்ணே, ஓட்டிப் பாருங்க" என்று அவன் சாவியை நீட்ட வேண்டும். அதற்காகத்தான்! அவன் காலுக்கு வண்டி பார்க்கப் போன நான் என் காலுக்குப் பார்த்தேன்.

மணக்குள விநாயகர் கோயில் வாசலில் பூஜை போட்டார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றும்போது ஏழுமலை தடுமாறினான். நான் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அவன் அந்த வண்டியை ஓட்டிய விதம் இருக்கிறதே... அதை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. சிக்னலில் நிற்பதற்கு அவன் ஒரு தனி வித்தையே கற்றுக்கொண்டான். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, சாலை நடுவிலுள்ள திட்டை ஒட்டி நிறுத்தி, அதன் விளிம்பில் வலது காலை ஊன்றிக்கொள்வான். எந்த இடத்தில் ரோடு உயரம், எங்கே பள்ளம் என்று அரியாங்குப்பத்திலிருந்து கதிர்காமம் வரை அவனுக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரியில் வண்டியைத் திருப்பி நிறுத்த வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொள்வான். இத்தனை சிரமத்திலும் ஒருநாள் கூட வண்டியைக் குறை சொன்னதில்லை. "அண்ணன் பாத்துக் குடுத்த வண்டி" என்று லேபில் எல்லோரிடமும் பெருமையடித்தான். அந்தப் பெருமையைக் கேட்டு இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள்!

ஐப்பசி மழை. மாலை நேரம். கலாவைப் பின்னால் உட்காரவைத்து வந்துகொண்டிருந்தான். அவள் மடியில் தீபாவளிக்குத் தைக்க வேண்டிய துணிப்பை. முருங்கப்பாக்கம் தாண்டி ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. நன்றாகத்தான் நிறுத்தியிருக்கிறான். இடது காலை ஊன்றப் போனான். தார் ரோட்டின் ஓரம் அங்கே ஒரு சாண் இறங்கியிருந்தது. கால் தரையைத் தேடியது... தரை இல்லை.

வேகமெல்லாம் ஒன்றுமில்லை. நின்ற வண்டி சாய்ந்தது, அவ்வளவுதான். ஏழுமலைக்குச் சிராய்ப்பு. கலாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கலா உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடியிருந்தார்கள். தீபாவளி ஆர்டர் எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஏழுமலை காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்கண்ணே. நீங்க நல்ல வண்டிதான் பாத்துக் குடுத்தீங்க. ஊர்ல எல்லாரும்தான் ஓட்டுறாங்க. இவருக்கு வண்டி புடிக்கத் தெரியல."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாண்ணே... வண்டி மேல தப்பு இல்ல. எனக்குத்தான் தெம்பு பத்தல."

உங்களுக்குப் புரிகிறதா? மனைவி முன்னால், உடைந்த அந்தக் கையின் முன்னால், என் குற்றத்தை அவன் தன் குற்றமாக ஒத்துக்கொண்டான்! ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. "இல்லம்மா, அவன் உயரத்துக்கு அந்த வண்டி ஆகாது, எனக்கு அன்னைக்கே தெரியும்." இவ்வளவுதான். அவன் தலை நிமிர்ந்திருக்கும்.

நான் வாயைத் திறந்தேன். "காபி நல்லா இருக்கும்மா," என்றேன்.

வண்டியைத் தேர்ந்தெடுத்ததைக் கூட ஆசையில் செய்த பிழை என்று என்னால் சமாளிக்க முடியும். அந்தக் காபியைச் சமாளிக்க முடியவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் கலா அந்த வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போனாள். ஏழுமலை மூன்று மாதம் தனியாக ஓட்டினான். பிறகு ஒருநாள் கடைக்கு வந்து சாவியைக் கவுண்டரில் வைத்தான்.

"நீங்களே ஒரு வெல போட்டு எடுத்துக்குங்கண்ணே. தெரியாத ஆளுக்குக் குடுக்க மனசு வரல. கியரு வண்டி நம்ம ஜாதகத்துலயே இல்ல போல."

நான் மறுத்தேன். மறுப்பது போல மறுத்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வசந்தா சிரிக்கவில்லை. "பாவம் அந்த மனுஷன். கஷ்டத்துல குடுக்குறாரு, வாங்கிக்குங்க. ஒதவியா இருக்கும்," என்றாள். வாயைத் திறந்து கேட்க இருபது வருடமாகத் தைரியம் வராத பொருள், புண்ணியக் காரியமாக என் வாசலுக்கு வந்து நின்றது!

ஏழுமலை ஒரு ஸ்கூட்டர் வாங்கினான். அதற்கும் என்னைத்தான் அழைத்துப் போனான். இந்த முறை அவன் காலுக்குத்தான் பார்த்தேன், சத்தியமாக. அதே ஷோரூமில் அந்தத் தாழ்வான சீட் வண்டி மூலையில் நின்றிருந்தது. ஏழுமலை அதை ஒருமுறை பார்த்தான்.

"இதுல ஏறிப் பாக்குறியா?" என்று கேட்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

"வேணாண்ணே. ஒரு தடவ பட்டது போதும்."

"இல்லப்பா, இது வேற..." என்று ஆரம்பித்தேன். வேறு என்றால் அது ஏன் வேறு என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றும் சொல்ல வேண்டும். நிறுத்திக்கொண்டேன்.

அந்த வண்டியைப் பற்றி உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அற்புதமான வண்டி! வசந்தாவை ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் வரை போனேன். "சோபால ஒக்காந்தாப்புல இருக்குதுங்க," என்றாள். ஒரு பக்கம் கடல், காலை வெயில், என்ஜின் போட்ட அந்தச் சீரான சத்தம்... அந்தச் சந்தோஷத்தை நான் அனுபவித்தேன். பாதி வழியில் ஏழுமலையின் ஞாபகம் வந்தது. அப்போதும் வண்டியைத் திருப்பவில்லை. உறுத்தல் ஒரு பக்கம் இருக்க, சந்தோஷமும் குறையாமல் இருந்தது. இதை எப்படி மன்னிப்பீர்கள்?

எதற்குப் பயப்படுகிறேன்? சொன்னால் அவன் சண்டைக்கு வரமாட்டான். "பரவால்லண்ணே" என்பான், அது எனக்கு நிச்சயம். ஆனால் அடுத்த முறை கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "நீங்க சொன்னா சரியா இருக்கும்ணே" என்று சொல்லமாட்டான். அந்த ஒரு வார்த்தையை இழக்க எனக்கு மனமில்லை. அதற்காக, தன்னால் ஒரு வண்டியைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்று அவன் வாழ்நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நேற்று காலை கதிர்காமம் பக்கம் ஒரு சிக்னலில் நின்றேன். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஏழுமலை. பின்னால் கலா. மூவரும் சிரித்துக்கொண்டோம். அவன் கையை நீட்டிப் பெட்ரோல் டேங்கை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"பளபளன்னு வெச்சிருக்கீங்கண்ணே. என் கைலயே இருந்திருந்தா பாழாப் போயிருக்கும்."

கலா அவன் தோளை லேசாகத் தட்டினாள். "ஆமா, இவருக்கு இதே ஜாஸ்தி," என்றாள், கேலியாக. அவனும் கூடவே சிரித்தான்.

நான் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினேன். சொல்லிவிடலாம் என்றுதான் தூக்கினேன். சத்தியமாக...

பச்சை விழுந்தது. "வரேம்ப்பா," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை இறக்கி, கியரைப் போட்டேன்.